ஒரே வரியில் குறுக்கிடுவது எப்படி? டெனிஸ் ஸ்கின்னரிடம் கற்கலாம்

தொழிற்சங்க வாயிற்கூட்டங்களுக்குப் பேச்சாளர்களைத் தயார்செய்வது என் வேலை. "எதிராளி பேசும்போது நறுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும்" என்று வருகிற இளைஞர்களை டெனிஸ் ஸ்கின்னரைப் பார்க்கச் சொல்வேன். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 1970 முதல் 2019 வரை பொல்சோவர் தொகுதியின் லேபர் கட்சி எம்.பி.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டத்தொடரின் தொடக்க நாளில் அரசரின் (ஸ்கின்னர் காலத்தில் ராணி எலிசபெத்தின்) அழைப்போடு 'பிளாக் ராட்' என்ற அதிகாரி மக்கள் சபைக்கு வருவார். முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்துவார்கள். 1642-ல் மன்னர் முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க உள்ளே புகுந்தாரே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை! கோலால் மூன்று முறை தட்டினால்தான் திறப்பார்கள். அழைப்பைச் சொல்லி முடித்ததும், உறுப்பினர்கள் பிரபுக்கள் சபைக்குக் கிளம்புமுன் சின்ன இடைவெளி. அதில்தான் முன்வரிசை ஓரத்திலிருந்து ஸ்கின்னரின் குரல் வரும். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். ராணியின் உரையைக் கேட்கப் போகமாட்டார். கூச்சலுக்கு நடுவில் கத்தியிருந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூட எட்டியிருக்காது.

அடுத்து, வரியைக் கட்டுவது. 2013-ல் அஞ்சல் நிறுவனத்தைத் தனியாருக்கு விற்க அரசு முனைந்திருந்தது. அவர் சொன்னது: "ராயல் மெயில் விற்பனைக்கு. ராணியின் தலையும் தனியார்மயம்." அப்போது தபால்தலையில் இருந்தது ராணியின் தலை என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும். விளக்கவுரை தேவையில்லை, வசைச்சொல்லும் இல்லை. ஆனால் ராணி, விற்பவர், விற்கப்படும் பொதுச்சொத்து மூன்றும் ஒரே இழுப்பில் வந்துவிட்டன. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு செய்திகளை எடுத்து முடிச்சுப் போடுங்கள். மூன்றாவதைச் சேர்த்தால் அது உரையாகிவிடும்.

1992-ல் "அவரை வரி கட்டச் சொல்லுங்கள்" என்றார். அப்போது ராணி வருமான வரி கட்டுவதில்லை. மறு ஆண்டுதான் கட்டத் தொடங்கினார். நையாண்டிக்குள் ஒரு கோரிக்கை இருப்பதால் இது எனக்கு இன்னும் பிடிக்கும். ராணியாக நடித்த ஹெலன் மிர்ரனைக் குறிப்பிட்டு, "ஹெலன் மிர்ரனைத் தயாராக வைத்திருக்கிறீர்களா?" என்று 2006-ல் கேட்டது சிரிப்போடு சரி. புதியவர்கள் அதைத்தான் முதலில் காப்பியடிக்கிறார்கள், என்ன செய்வது!

பட்டப்பெயர் வைப்பதாக இருந்தால் விலைக்கும் தயாராக இருங்கள். 2016 ஏப்ரலில், பணக்காரர்களின் வெளிநாட்டு ரகசிய முதலீடுகளைக் காட்டிய பனாமா ஆவணங்கள் வெளிவந்த சூட்டில், பிரதமர் டேவிட் கேமரூனை 'தில்லுமுல்லு டேவ்' என்றார். திரும்பப் பெறும்படி சபாநாயகர் ஜான் பெர்கோ கேட்டார். ஸ்கின்னர் அதே பெயரை மறுபடியும் சொன்னார்; அன்றைய அமர்விலிருந்து வெளியேற்றப்பட்டார். மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் இருந்தால் அப்படிப்பட்ட சொல்லை ஆரம்பத்திலேயே தொடாதீர்கள். பாதியில் பின்வாங்கினால் கூட்டம் உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

ஆண்டுதோறும் எதிர்பார்க்கிறார்களே என்று வலிந்து எதையாவது சொல்லவும் வேண்டாம். 2015-ல் ஸ்கின்னர் வாயே திறக்கவில்லை. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியினர் அவர் வழக்கமாக உட்காரும் முன்வரிசை இடத்துக்கே போட்டிக்கு வந்திருந்தார்கள். அன்றைக்கு அதைக் காப்பாற்றுவதுதான் அவருக்கு முக்கிய வேலை.