டாப் ஸ்டேஷன் ரயிலைத் தேடிப் போக ஒரு வழி

மூணாறுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு எல்லோரும் மூணாறு வழியாகத்தான் போகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். மூடுபனி பார்த்தேன், டீ குடித்தேன், திரும்பினேன். அங்கே ரயில் ஓடியது என்பதே மனசில் ஏறவில்லை. போடிக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்தக் கதையைக் கீழேயிருந்து தொடங்குங்கள்.

போடியிலிருந்து முந்தல் வழியாகக் கொட்டகுடிப் பக்கம் போய், மலையை அண்ணாந்து பாருங்கள். பெயரின் அர்த்தம் அங்கேதான் பிடிபடும். மூணாறு தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ரோப்வேயில் இந்தக் கொட்டகுடிக்கு இறங்கின. இது பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் மாட்டுவண்டியில் போடி. நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு இடம் இன்னும் இருக்கிறது. மலையடியில் இருக்கும் குரங்கணி கிராமத்திலிருந்து நடந்து ஏற ஆசை வரும். வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்காதீர்கள். 2018 மார்ச் காட்டுத்தீயில் போன உயிர்களை எங்கள் ஊர் மறக்கவில்லை.

சரி, இனி போடிமெட்டு ஏறி மூணாறு போங்கள். அங்கிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் சாலை. 1902-ல் இந்தத் தடத்தில் ஒற்றைத் தண்டவாளம்தான். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில், சாயாமல் தாங்கும் பெரிய சக்கரம் சாலையில். இழுத்தவை மாடுகள். 1908-ல் இரண்டடி அகல இருப்புப்பாதை வந்தது. 1924 ஜூலை வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. பதினாறே வருஷம்.

பெரியவர்களிடம் பேசும்போது வருஷத்தைக் கேட்காதீர்கள். வெள்ளம் வந்த 1924, மலையாள ஆண்டுக் கணக்கில் 1099. 'தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முன்னாலயா, அப்புறமா?' என்று கேளுங்கள். அப்பத்தா சொன்னது, பாட்டன் சொன்னது எல்லாம் வரிசையாக வரும். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதிகம் கிடைத்தது இந்த ஒரு கேள்வியால்தான்.

மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதை அவசரமில்லாமல் பாருங்கள்.

முடிந்தால் போடியில் ரயிலேறி ஊர் திரும்புங்கள். மதுரையிலிருந்து ரயில் இங்கே வந்தது 1928-ல். மலை ரயில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. இரண்டும் ஒரு நாள்கூடச் சேர்ந்து ஓடவில்லை.