நட்டாலம் முதல் கோட்டாறு வரை: புனித தேவசகாயத்தின் வழியில் ஒரு நாள்

திருவிதாங்கூரில் கிறிஸ்தவராகி, 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்ட புனித தேவசகாயத்தைப் பார்க்க நாகர்கோவில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டே இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். காற்றாடிமலையில் ஒரு மெழுகுதிரி, கோட்டாறு பேராலயத்தில் கல்லறை முன்னால் ஒரு ஜெபம், அப்புறம் நேரே கன்னியாகுமரிக்கு சூரியன் பார்க்க. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். அவர் சுடப்பட்ட இடத்தையும் புதைக்கப்பட்ட இடத்தையும் பார்த்தேனே தவிர, அவர் வாழ்ந்த இடம் எதையும் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதனால் சொல்கிறேன், பிறந்த ஊரில் தொடங்குங்கள். நட்டாலத்தில் ஆரம்பித்து, அவர் வாழ்க்கை போன வரிசையிலேயே போய், கடைசியில் கோட்டாறு வந்து சேருங்கள். எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கிறது, காலையில் சீக்கிரம் கிளம்பினால் ஒரு நாளில் முடியும்.

தங்குவதற்கு நாகர்கோவில்தான் வசதி. ரயிலில் வந்தால் நாகர்கோவில் சந்திப்பு கோட்டாறு பகுதியிலேயே இருக்கிறது, பேராலயம் பக்கம்தான். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். சொந்த வண்டி இல்லையென்றாலும் கவலை வேண்டாம், இந்த மாவட்டத்தில் பஸ்ஸுக்குப் பஞ்சமே கிடையாது, பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசும் இல்லை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் மட்டும் ஒரு கார் பேசிவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறுவதே அவர்களைக் களைக்க வைத்துவிடும்.

காலை ஆறரைக்குள் நாகர்கோவிலை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மார்த்தாண்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான், ஆனால் எட்டு மணிக்கு மேல் அந்தத் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் பக்கம் போனால் நட்டாலம். ரப்பரும் தென்னையும் வாழையுமாக, மேடும் பள்ளமுமான ஊர். தேவசகாயம், அன்றைய பெயரில் நீலகண்டன், இங்கேதான் 1712 ஏப்ரல் 23-ல் பிறந்தார். அவர் வாழ்ந்த வீட்டையும் ஆலயத்தையும் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் உட்காருங்கள். பீடத்தில் ஏற்றப்பட்ட புனிதர்களில் பெரும்பாலோர் குருக்கள், துறவிகள், கன்னியர். இவர் பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தி, அரண்மனையில் சம்பளத்துக்கு வேலை பார்த்த மனிதர். இந்திய மண்ணில் பிறந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர் இவர்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15-ல் அந்தப் பட்டத்தை அறிவித்தார், அதற்கு முன்பு 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலிலேயே, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளராக அறிவிக்கப்பட்டிருந்தார். அந்தப் பெருமையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு வீட்டுக்காரர் புனிதரானார் என்பது எனக்கு நட்டாலத்தில் உட்கார்ந்தபோதுதான் மனதுக்குள் இறங்கியது.

ஒரு விஷயம் கவனம். நட்டாலத்தில் மகாதேவர் கோவிலும் உண்டு, பன்னிரண்டு சிவன் கோவில்களை ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தின் கடைசிக் கோவில் அது. மகா சிவராத்திரி அன்று "கோவிந்தா கோபாலா" என்று சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே ஓடி வந்து சேருவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் திருயாத்திரைக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தால் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது தக்கலை பக்கம், பத்மநாபபுரம். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை. இதை மறந்து திங்கட்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அரண்மனையை முழுக்கச் சுற்ற வேண்டும் என்றில்லை. ஆனால் கோட்டைக்குள் இருக்கும் நீலகண்டசுவாமி கோவிலை வெளியிலிருந்தாவது பாருங்கள், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காலத்தில் நம் நீலகண்டன் அலுவல் பார்த்த இடம் அது.

அங்கிருந்து பக்கத்திலேயே புலியூர்குறிச்சி. இங்கே இரண்டு இடங்கள். முதலில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்ட தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தவர். மாடுகள் செத்து, பயிர் அழிந்து நீலகண்டன் மனமொடிந்து இருந்த நாட்களில் எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொல்லி அவருக்கு விசுவாசத்தின் வழியைக் காட்டியது இந்த டிலனாய்தான் என்று திருச்சபை வரலாறு சொல்கிறது. டிலனாயின் கல்லறை கோட்டைக்குள், கூரை போன பழைய சிற்றாலயத்துக்குள் இருக்கிறது. கல்வெட்டில் லத்தீனோடு தமிழும் இருப்பதைத் தேடிப் பாருங்கள். கோட்டை இப்போது வனத்துறை பூங்கா, நுழைவுச்சீட்டு உண்டு, மரநிழலும் உண்டு, அதனால் மத்தியான வெயில் நேரத்தை இங்கே கழிப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது முட்டிடிச்சான் பாறை. ஞானஸ்நானம் பெற்றபின் நீலகண்டனுக்குப் பெயர் லாசர், தமிழில் தேவசகாயம், கடவுளே துணை என்று பொருள். 1749 பிப்ரவரியில் கைது செய்தார்கள். ராஜ துரோகம் என்று குற்றம் சாட்டினார்கள், விசுவாசத்துக்காகத்தான் தண்டித்தார்கள் என்பது திருச்சபையின் முடிவு, காரணம் பற்றி வரலாற்று ஆசிரியர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் இருக்கிறது. எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயத்தில் மிளகைத் தேய்த்து வெயிலில் நிறுத்தினார்கள். இந்த இடத்தில் தாகம் தாங்காமல் ஜெபித்து முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்பது மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. பாறையில் இருப்பது ஒரு சின்னக் குழிதான். பெரிய ஊற்றை எதிர்பார்த்து வந்தவர்கள் "இவ்வளவுதானா" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். குனிந்து பாருங்கள். நான் போன அன்று ஒரு பாட்டி பழைய மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்து வந்திருந்தார், விரல் நுனியில் தொட்டு முதலில் தன் பேரனின் நெற்றியில் சிலுவை போட்டார், அப்புறம் முழங்காலில் தடவிக்கொண்டார், மிச்சத்தை பாட்டிலில் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார். அவ்வளவு பொறுமையாக ஒருவர் தண்ணீர் பிடித்து நான் பார்த்ததில்லை. பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்தாமல் இருந்தால் நல்லது, அவரவர் நேர்ச்சை அவரவருக்கு.

நாகர்கோவில் திரும்பும் வழியில் பார்வதிபுரம் பக்கம் பெருவிளை இருக்கிறது. அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்த ஊர். நேரம் இருந்தால் இறங்குங்கள், இல்லையென்றால் பரவாயில்லை.

மூன்றரை, நான்கு மணிக்கு ஆரல்வாய்மொழியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சாலையில் சுமார் 13 கிலோமீட்டர். அவர் சுடப்பட்ட காற்றாடிமலை இங்கேதான், அந்தப் பெயர் ஏன் என்று பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தெரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விடுகிற கணவாய் இது, முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் இதற்காகத்தான் இங்கே நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று ஆளையே தள்ளும். மெழுகுதிரி நிற்காது, தீப்பெட்டி பற்றாது, சேலை கட்டியவர்கள் பின் குத்திக்கொண்டு ஏறுங்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள். மத்தியானம் போனால் பாறைச் சூட்டில் கால் வைக்க முடியாது. அதற்காகத்தான் இந்த இடத்தைச் சாயங்காலத்துக்கு வைத்தேன்.

மேலே அவர் முழங்கால் போட்டு ஜெபித்ததாகச் சொல்லும் பாறை இருக்கிறது. 1752 ஜனவரி 14 அன்று இங்கேதான் சுட்டார்கள். உடலைக் காட்டிலேயே விட்டுப் போனார்கள். பக்கத்தில் மணியடிச்சான் பாறை. சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் மணி போலக் கேட்கும், அவர் இறந்தபோது அந்தப் பாறை மணியாய் ஒலித்தது என்று சொல்வார்கள். எல்லாரும் தட்டுகிறார்கள், நீங்களும் தட்டுங்கள், ஆனால் ஒரு தடவை தட்டிவிட்டுக் கையை எடுத்துக் கேளுங்கள். பிள்ளைகள் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் அந்த ஓசை கேட்காது, சத்தம்தான் கேட்கும். காதைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்தால் தட்டு நின்ற பிறகும் ஒரு நொடி அது உள்ளே ஓடுவது தெரியும். கீழே வியாகுல அன்னை ஆலயத்தையும் விட்டுவிட வேண்டாம்.

ஜனவரி 14-ல் வர ஆசைப்படுகிறவர்களுக்கு: அது பொங்கல் சமயம். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும், அறைகளும் அப்படித்தான். கூட்டத்தில் ஜெபிப்பது ஒரு அனுபவம், நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை வருகிறவர்களுக்கு பிப்ரவரியில் ஒரு சாதாரண வார நாளைத்தான் சொல்வேன். அக்டோபர், நவம்பர் மழையில் பாறை வழுக்கும்.

இருட்டுவதற்குள் இறங்கி கோட்டாறு வாருங்கள். காட்டில் கிடந்த எலும்புகளை மக்கள் எடுத்து வந்து புனித சவேரியார் ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் புதைத்தார்கள். அவர் வழி வந்த அதே வரிசையில் நீங்களும் வந்திருப்பதால், இந்தக் கல்லறை முன் முழங்கால் போடும்போது வித்தியாசம் தெரியும். இது பங்கு மக்களின் அன்றாடக் கோவில், சுற்றுலாத் தலம் இல்லை. செல்போனை அணைத்துவிடுங்கள், திருப்பலி நடக்கும்போது போட்டோ எடுக்க முன்னால் போகாதீர்கள். திருப்பலி நேரத்தைப் பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே சரி, திருவிழா நாட்களில் மாறும். டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவை ஒட்டி வந்தால் கோட்டாறு முழுக்கக் கூட்டம், அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

இன்னொரு அரை நாள் கிடைத்தால் மறுநாள் காலை வடக்கன்குளம் போங்கள். ஆரல்வாய்மொழியைத் தாண்டி, காவல்கிணறு பக்கம், திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. 1745 மே 14 அன்று அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அவர் மனைவி பார்கவியும் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார், கணவர் இறந்தபின் இங்கேயே வந்து இருந்து, இங்கேயே அடக்கமானார். அவர் கல்லறைக்கு வருகிறவர்கள் குறைவு. நட்டாலத்திலிருந்து கிளம்பும்போதே ஒரு மெழுகுதிரியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அது ஞானப்பூ அம்மாளுக்கு.