ஃபிளிப் புக் செய்து, அசைவு பிறக்கும் இடத்தைப் பார்ப்போம்

ரோஸ் ஹில்லில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பில், கார்ட்டூனில் ஓடுவது படமா, நம் கண்ணா என்று ஒரு சிறுவன் கேட்டான். இரண்டும் இல்லை என்று சொல்வதைவிடச் செய்து காட்டுவது எளிது என்பதால், தாள்களை வேகமாகப் புரட்டினால் படம் அசைவதாகத் தெரியும் ஃபிளிப் புக்கின் செய்முறையை எழுதுகிறேன்.

இங்கே மொரிசியசில் பிள்ளைகள் ‘காயே’ என்று சொல்லும் பள்ளி நோட்டின் மெல்லிய தாள்களிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரமுள்ள 24 துண்டுகளை வெட்டி, இடது ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொள்ளுங்கள். வரைவதைக் கடைசித் தாளிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் கீழே வரைந்தது மேல்தாளில் மங்கலாகத் தெரிந்து, அடுத்த படத்துக்கு இடம் காட்டும். காவடி ஆடுபவரை வரையவே பிள்ளைகளுக்கு ஆசை. ஆனால் முதல் முயற்சிக்கு ஒரு பந்து போதும். வலது ஓரத்தருகே, தாளுக்குத் தாள் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மேலே தள்ளி அதை வரையுங்கள்.

பிறகு வலது ஓரத்தைக் கட்டைவிரலால் தூக்கி, கடைசித் தாள் முதலாக எல்லாத் தாள்களும் இரண்டு நொடியில் விழுமாறு விடுங்கள். நொடிக்கு 12 படம் என்ற வேகத்தில் பந்து எழும்பும். நொடிக்கு ஒன்றாகப் புரட்டினால் வெறும் படங்கள்தான் தெரியும்.

உருவம் விழித்திரையில் சற்று நேரம் தங்குவதே இதற்குக் காரணம் என்பது பழைய விளக்கம். எனக்கு அது போதவில்லை: தங்குவது மட்டுமே காரணமானால், பந்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கறையாகத் தெரிய வேண்டுமே தவிர, ஒரே பந்து நகரக் கூடாது. 1912இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டிய சோதனைகளை வெளியிட்டார். இடைவெளி ஏறக்குறைய 200 மில்லிநொடியாக இருந்தபோது அவை ஒன்றன்பின் ஒன்றாகவும், 30 மில்லிநொடியில் ஒரே சமயத்திலும், 60 மில்லிநொடியில் ஒரே கோடு இடம்பெயர்வதாகவும் தெரிந்தன.

இந்த அசைவை உண்டாக்குவது மூளைதான். கண்ணின் செய்தி பின்மண்டையிலுள்ள பார்வைப் புறணி என்ற மூளைப் பகுதிக்கும், அங்கிருந்து அசைவைக் கணிக்கும் எம்.டி. என்ற பகுதிக்கும் செல்கிறது. மூளையின் இருபுறமும் அப்பகுதி பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1983இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள்: வடிவமும் நிறமும் அவருக்குத் தெரிந்தன, ஆனால் கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகத் தோன்றியதால், எப்போது ஊற்றுவதை நிறுத்துவது என்று அவருக்குப் புரியவில்லை.

உங்கள் பந்து தத்தித் தத்திப் போனால், படங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் குறையுங்கள். அது சரியானதும், கடைசித் தாளை முதலாவதாக எண்ணி, 13ஆம் தாளிலிருந்து பந்துக்குப் பதிலாகச் சதுரம் வரைந்து புரட்டிப் பாருங்கள். பந்து போய்ச் சதுரம் வந்தது என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. பந்து சதுரமாக மாறிவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.