ஏஞ்சல் மீன் சின்னத் தொட்டியில் இருக்கிறதா? இன்றே தொடங்க வேண்டிய வேலைகள்

எங்கள் வீட்டு ஏஞ்சல் மீனுக்கு மகள் வைத்த பெயர் காத்தாடி. வாங்கி வந்த அன்று ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. "ஒன்றரை அடித் தொட்டி இதுக்குப் போதுமாங்க?" என்று கடையில் கேட்டேன். "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதாங்க மீன் வளரும்" என்றார்கள். நம்பினேன். பத்தாவது மாதம் காத்தாடியின் மேல் துடுப்பு தண்ணீர் மட்டத்தை உரசியது. வயிற்றுக்குக் கீழே நூல் மாதிரி தொங்கும் இரண்டு துடுப்புகளும் கல்லில் பட்டுப் பட்டு வளைந்துவிட்டன.

மீன் தொட்டியைப் பார்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதில்லை. சின்னத் தொட்டியில் கழிவு சீக்கிரம் சேர்கிறது, தண்ணீர் கெடுகிறது, கெட்ட தண்ணீரில் கிடக்கும் மீன் நலிந்துபோய் வளராமல் நிற்கிறது. நன்றாக வைத்திருந்தால் பத்து வருடம் வரைகூட இருக்கக்கூடிய மீன் இது. அது ஒரே வருடத்தில் செத்துப்போவதும், "ஏஞ்சல் நமக்கு ராசி இல்லை" என்று வீட்டில் சொல்வதும் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஏஞ்சல் சின்னத் தொட்டியில் இருந்தால், நாளைக்கே பெரிய தொட்டி வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். காசு வேண்டும், இடம் வேண்டும், வீட்டில் சம்மதிக்க வேண்டும். அதனால் முதலில் ஒன்று செய்யுங்கள். காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கட்டும். அதுவரை மீனைக் காப்பாற்றப்போவது தண்ணீர்தான்.

முதல் வேலை: டேப் எடுத்து அளப்பது

என் தொட்டி 18 அங்குல நீளம், 9 அகலம், 12 உயரம். கணக்குப்படி 32 லிட்டர் வரும். ஆனால் மேலே ஒன்றரை அங்குலம் விட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறோம், கீழே ஒன்றரை அங்குலம் கல் கிடக்கிறது. மீனுக்குக் கிடைப்பது 9 அங்குல ஆழம், 24 லிட்டர் தண்ணீர். வளர்ந்த ஏஞ்சல் மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை 20 சென்டிமீட்டர் வரும், சில சமயம் அதற்கும் மேலே. அதாவது 8 அங்குலம். 9 அங்குல ஆழத்தில் 8 அங்குல மீன்!

உங்கள் தொட்டியையும் இப்படியே அளந்து பாருங்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். ஒரே ஒரு ஏஞ்சலுக்கு 75 லிட்டரும் 45 சென்டிமீட்டர் உயரமும் குறைந்தபட்சம். இந்த மீனுக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம். அமேசான் ஆற்றுப் பக்கம் மெதுவாக ஓடும் தண்ணீரில், செடித் தண்டுகளுக்கும் மூழ்கிய வேர்களுக்கும் நடுவே நுழைந்து போவதற்காகவே தட்டையாக, உயரமாக அமைந்த உடம்பு அது.

அளந்ததும் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கல்லை எடுத்துவிடுங்கள். ஒன்றரை அங்குல ஆழம் இலவசமாகக் கிடைக்கும், அடியில் தங்கும் கழிவும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரே நாளில் அள்ளிவிடாதீர்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பங்கு அந்தக் கல்லின் மேல்தான் ஒட்டியிருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு கிண்ணம் என்று பத்து, பதினைந்து நாளில் எடுத்து முடியுங்கள். வெறும் கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலித்தால் மீன் மிரளும். தொட்டிக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளைச் செருகிவிட்டால் சரியாகிவிடும்.

இரண்டாவது வேலை: தண்ணீர்

இதை நிதானமாகப் படியுங்கள்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. இது விஷம். ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் உடனே கொல்லாது, சேர்ந்துகொண்டே போனால் மீனை நலிய வைக்கும். இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டியில் விட்ட மீன் ஒரு வாரத்தில் சாவது பெரும்பாலும் இதனால்தான்.

சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அம்மோனியாவின் விஷத்தன்மை எப்போதும் ஒரே அளவில் இருக்காது. தண்ணீரின் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7-லிருந்து 8-க்குப் போனால், விஷமாக இருக்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகிறது. தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் ஏறும். எங்கள் தெரு போர் தண்ணீரை டெஸ்ட் கிட்டில் பார்த்தபோது பி.எச். 8 காட்டியது. குடத்தில் வெள்ளையாகப் படியும் அந்த உப்புத் தண்ணீரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஏற்காடு அடிவாரத்தில் மேக்னசைட் வெட்டி எடுக்கிற ஊர் இது. மண்ணிலும் பாறையிலும் இருக்கிற மக்னீசியமும் சுண்ணாம்பும்தான் நிலத்தடித் தண்ணீரைக் கடினமாக்குகின்றன. அதனால் கடினமில்லாத தண்ணீர் இருக்கும் ஊர்க்காரர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வதை வைத்து நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம். இன்று கடைகளில் கிடைக்கும் ஏஞ்சல்கள் பண்ணையில் பல தலைமுறையாக வளர்ந்தவை. சென்னைக் கொளத்தூர்ப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து தமிழ்நாடு முழுக்க வண்ண மீன்கள் போகின்றன (நம் மேட்டூருக்குப் பக்கத்தில் இருக்கும் கொளத்தூர் இல்லை). ஓரளவு கடினத் தண்ணீரை இவை தாங்கிக்கொள்ளும். சட்டென்று மாறும் தண்ணீரைத்தான் தாங்காது. போர் தண்ணீரில் இருந்தால் போரிலேயே இருக்கட்டும், மேட்டூர்க் காவிரித் தண்ணீரில் இருந்தால் அதிலேயே இருக்கட்டும். ஒரு வாரம் இது, மறு வாரம் அது என்று மாற்றுவதுதான் கெடுதல். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் வேண்டாம்.

எவ்வளவு மாற்றுவது? 24 லிட்டருக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 5 லிட்டர். டியூப் வைத்து அடியில் கிடக்கும் கழிவோடு உறிஞ்சி எடுங்கள். குழாயில் பிளீச்சிங் வாசனை வந்தால் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருங்கள், அல்லது குளோரினைப் போக்கும் சொட்டு மருந்தை பாட்டிலில் சொன்ன அளவுக்கு விடுங்கள். பகலில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிற மாதிரி வரும். அதை நேராக ஊற்றிவிடாதீர்கள்.

மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத தொட்டியா? அப்படியானால் இன்று ஆர்வத்தில் பாதியைக் கொட்டிவிடாதீர்கள். பழைய தண்ணீருக்கு அந்த மீன் பழகியிருக்கும். தினமும் இரண்டு, மூன்று லிட்டர் வீதம் ஒரு வாரம் மாற்றிவிட்டு, அப்புறம் மேலே சொன்ன கணக்குக்கு வாருங்கள்.

குறைந்த தண்ணீருக்கு மேலே ஊற்றி நிரப்புவதை நிறையப் பேர் தண்ணீர் மாற்றுவதாக நினைக்கிறார்கள். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்; உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே இருக்கும். சித்திரை வெயிலில் நிரப்பிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். நம் தண்ணீருக்கு மேலும் கல் உப்பு போடும் வழக்கமும் தேவையில்லை.

அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் ஒரு சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே, முடிந்தால் 20-க்குக் கீழே. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாலோ, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றாலோ, மருந்துக் கடைக்கு ஓடும் முன் டெஸ்ட் எடுங்கள். நிறையத் தடவை அது நோயாக இருக்காது, தண்ணீராகத்தான் இருக்கும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். கரண்ட் மிச்சம் என்று ராத்திரியில் நிறுத்தினால், ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியா மூச்சுக்கு வழியில்லாமல் செத்துப்போகும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். மணி பிளான்ட் கொடி இருந்தால், இலை வெளியே இருக்கும்படி வேரை மட்டும் தண்ணீரில் தொங்க விடுங்கள். நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும்.

மூன்றாவது வேலை: கூட்டத்தைக் குறைப்பது

சின்னத் தொட்டியில் ஏஞ்சல் இருக்கும்வரை அது தனியாகவே இருக்கட்டும். நியான் டெட்ராவை வளர்ந்த ஏஞ்சல் விழுங்கிவிடும். டைகர் பார்ப் ஏஞ்சலின் துடுப்பைக் கடித்துக் கடித்துக் கிழிக்கும். சக்கர் மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கொடுப்பார்கள். அது ஏஞ்சலைவிடப் பெரிதாக வளரும், கழிவும் அதிகம்.

இரண்டு ஏஞ்சலாக வைப்பதுதான் மிகவும் கஷ்டம். ஜோடி சேராத இரண்டு மீன்களில் ஒன்று மற்றொன்றை ஓயாமல் விரட்டும், ஒளிய இடம் இருக்காது. முட்டையிடும் சமயம் தவிர ஆண் பெண் தெரிவதும் சிரமம். எங்களிடமும் முதலில் இரண்டுதான் இருந்தன. அடி வாங்கிய மீனை ஏற்காட்டில் என் சித்தி வீட்டு மூன்றடித் தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள், பணம் தராவிட்டாலும் பரவாயில்லை. மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியூர் மீனால் ஏரிக்கு என்ன ஆகும் என்பதை, நம் நீர்நிலைகளில் பெருகிவிட்ட சக்கர் மீனைப் பார்த்தாலே தெரியும்.

தீனி

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. கண்ணாடிக்கு முன்னால் வந்து கெஞ்சும், இளகிவிடாதீர்கள்.

வெயிலும் குளிரும்

ஏஞ்சலுக்கு 24 முதல் 30 டிகிரி வரை சரி. சேலத்துக் கோடையில் 24 லிட்டர் தண்ணீர் மதியத்துக்குள் அதைத் தாண்டிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. மூடியைத் திறந்து வலை போட்டு, ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர் மட்டத்தின் மேல் திருப்பி வையுங்கள், சில டிகிரி இறங்கும். மதியத்தில் விளக்கு வேண்டாம். ஐஸ் கட்டி போடவே வேண்டாம்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் ஏஞ்சல் தாக்குப்பிடிக்காது. லிட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தி வீட்டில் ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு 100 வாட் ஹீட்டர்களைப் போட்டோம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று விடியும்வரை தாங்கும். ராத்திரி கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றிவிடுவார்.

மீனை மலைக்குக் கொண்டுபோவது எப்படி என்று கேட்பீர்கள். முந்தின நாள் தீனி போடவில்லை. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. அதைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மெதுவாகத்தான் ஏறினோம்.

பெரிய தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 85 லிட்டர். ஒரு ஏஞ்சலுக்கு இது ஆகும். இடமும் காசும் இருந்தால் 3 அடி நீளம் சொல்லுங்கள், 127 லிட்டர் வரும், என் யோசனை அதுதான். கண்ணாடி கனத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு 8 மில்லிமீட்டர் வைத்தால் நிம்மதி. தொட்டி வந்ததும் வாசலிலோ மாடியிலோ நிரப்பி இரண்டு நாள் ஒழுகுகிறதா என்று பாருங்கள். 85 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 85 கிலோ, கண்ணாடியோடு நூறைத் தாண்டும். டிவி ஸ்டாண்ட் தாங்காது. ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தெர்மாகோல் விரித்து, அதன் மேல் தொட்டியை வையுங்கள்.

மாற்றும் நாள்

பழைய ஸ்பாஞ்சை அப்படியே புதுத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள், புது ஃபில்டரோடு சேர்ந்து ஓடட்டும். அதே மீன், அதே அளவு கழிவு, அதே பாக்டீரியா. அதனால் புதுத் தொட்டிக்கு 6 வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு வேறு மீன் மட்டும் சேர்க்காதீர்கள், முதல் இரண்டு வாரம் அடிக்கடி டெஸ்ட் எடுங்கள். பழைய தண்ணீரில் பாக்டீரியா அதிகம் இருக்காது; ஆனாலும் மீன் பழகியது என்பதால் ஒரு வாளி சேர்த்துக்கொள்ளலாம்.

வலை வேண்டாம். நீண்ட துடுப்புகள் வலையில் சிக்கிக் கிழியும். அகலமான கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மீனை அதற்குள் மெதுவாக ஒதுக்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புதுத் தொட்டித் தண்ணீரை அரை டம்ளர் கிண்ணத்தில் சேருங்கள். ஒரு மணி நேரம் போனதும் கிண்ணத்தைச் சாய்த்து விடுங்கள். அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

காத்தாடி முதல் நாள் முழுக்க ஒரு மூலையில், பழைய தொட்டி அளவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் மகள் வந்து எழுப்பினாள். மேலிருந்து அடி வரைக்கும் இறங்கி, துடுப்பு முழுக்க விரிந்து, மறு கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. வளைந்த நூல் துடுப்புகள் நிமிரவில்லை, இனி நிமிராது. மேல் துடுப்பு மட்டும் இப்போது எதையும் உரசாமல் நேராக நிற்கிறது.