மாடல் நீராவி எஞ்சினில் புகை: முதலில் எண்ணெய், அப்புறம்தான் கரண்ட்

மாடல் ரயில் எஞ்சினின் புகைபோக்கியில் புகை கிளப்பும் சின்னக் கருவிதான் புகை யூனிட். நான் முதன்முதலில் வாங்கியதைக் குப்பையில் போட இருந்தேன். நிறைய ஊற்றினால் நிறைய புகை வரும் என்ற நினைப்பில் புகைபோக்கியின் விளிம்பு வரைக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டு, கரண்ட் கொடுத்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. வோல்டேஜை ஏற்றினேன். 'பொளக்' என்று ஒரு சத்தம், சூடான எண்ணெய் கொதிகலன் மேல் தெறித்தது, மங்கலான கருப்பு பெயின்டில் பளபளவென்று ஒரு திட்டு விழுந்தது. அந்தத் திட்டு இன்றைக்கும் இருக்கிறது. யூனிட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை. பாதி எண்ணெயை உறிஞ்சி எடுத்ததும் ஜம்மென்று புகைந்தது. 'யூனிட் செத்துப்போச்சு' என்று யாராவது சொன்னால், 'எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள்?' என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

காரணம் புரிய வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் ஒன்று, இது புகையே இல்லை. உள்ளே எதுவும் எரிவதில்லை. சுத்திகரித்த எண்ணெய் சூட்டில் ஆவியாகிறது, வெளிக்காற்று பட்டதும் குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்துளிகளாக மாறுகிறது, அந்தத் துளிக்கூட்டம்தான் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. ஹெச்ஓ (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாதிரி சிறிய அளவு எஞ்சின்களுக்கு ஜெர்மனியின் ஸொய்தே நிறுவனம் செய்கிற வகை யூனிட்டைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள்: விரல் நீளம்கூட இல்லாத ஒரு உலோகக் கூடு, அதன் நடுவில் ஊசி மாதிரி மெல்லிய ஒரு குழாய், அடியில் சூடாகும் கம்பி. அடியில் இருக்கும் கொஞ்சம் எண்ணெய் கொதித்து, ஆவி அந்த மெல்லிய குழாய் வழியாக மேலே பாய்கிறது. எண்ணெய் மட்டம் குழாயின் மேல்வாயைத் தாண்டிவிட்டால் குழாயே அடைபட்டுப் போகும். அத்தனை எண்ணெயையும் சூடாக்க அந்தச் சின்னக் கம்பிக்குத் திராணி கிடையாது. எண்ணெயே இல்லாவிட்டால் கம்பி சுட்டுக் கருகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வண்டி ஓட வேண்டும்.

அதனால் ஊற்றும் விஷயத்தில் மட்டும் கஞ்சனாக இருங்கள். யூனிட்டோடு வரும் தாளில் எத்தனை சொட்டு என்று போட்டிருந்தால் அதற்கு மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாதீர்கள், முனை மழுங்கிய ஊசி வைத்த சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியைப் புகைபோக்கியின் உள்சுவரை ஒட்டிப் பிடித்து ஒரு சொட்டு விட்டு, அது வழிந்து இறங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, அடுத்த சொட்டு. நடுக்குழாயின் வாயில் நேராக விட்டால் உள்ளே காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும், அப்புறம் எண்ணெய் சரியான அளவில் இருந்தும் புகை வராது. அப்படி ஆகிவிட்டால் ஒரு உறிஞ்சுகுழலைப் புகைபோக்கி மேல் வைத்து மெதுவாக ஒரு ஊது ஊதினால் போதும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊதுங்கள், எண்ணெய் திரும்பி வரும். கம்பியோ குண்டூசியோ விட்டுக் குத்தவே குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சூட்டுக்கம்பி தலைமுடி மாதிரி மெல்லியது. அதிகமாக ஊற்றிவிட்டீர்களா? டிஷ்யூ பேப்பரை முறுக்கித் திரி மாதிரி செய்து உள்ளே விட்டால் உறிஞ்சிக்கொள்ளும்.

எந்த எண்ணெய்? இதற்கென்றே விற்கும் புகை எண்ணெயை வாங்குங்கள். வீட்டில் இருக்கிற சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் சூட்டில் பிசினாகிக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் தாங்காது. மேடையில் பனிமூட்டம் கிளப்பும் மெஷினுக்கான திரவமும் கூடாது. அது தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் கலந்தது, எண்ணெய் யூனிட்டில் ஊற்றினால் படபடவென்று தெறிக்கும். நிஜ எஞ்சின் மாதிரி கரும்புகை வேண்டும் என்று சாயம் கலந்து பார்க்கிறவர்கள் உண்டு. நிஜத்தில் கருப்பாக வருவது சரியாக எரியாத நிலக்கரியின் கரி. நம் யூனிட்டில் எண்ணெய்தான் ஆவியாகிப் போகும், சாயம் ஆவியாகாமல் கம்பி மேலேயே படிந்து அதைக் கெடுத்துவிடும். வெள்ளைதான் வரும், அதோடு சமாதானமாகிவிடுங்கள்.

இப்போது கரண்ட். யூனிட்டின் வோல்டேஜும் உங்கள் தண்டவாள வோல்டேஜும் ஒத்துப்போகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கப்படி ஏறும். 10 வோல்ட் யூனிட்டுக்கு 16 வோல்ட் கொடுத்தால் ஒன்றரை மடங்கு சூடுதானே என்று தோன்றும், கணக்குப் போட்டால் இரண்டரை மடங்குக்கும் மேல். 16 வோல்ட்டில் 120 மில்லியாம்ப் இழுக்கும் யூனிட் கிட்டத்தட்ட 2 வாட் சூட்டை வெளிவிடுகிறது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் மூடிய பிளாஸ்டிக் கொதிகலனுக்குள் அந்த 2 வாட் போக வழியில்லாமல் நின்றால் பிளாஸ்டிக் இளகிப் புகைபோக்கி சாய்ந்துவிடும். கூட்டைச் சுற்றிக் கொஞ்சம் காற்றிடைவெளி விடுங்கள், முடிந்தால் ஒரு உலோகக் குழாய்க்குள் செருகுங்கள், வயர்கள் கூட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜை ஏற்றி இறக்கி வேகத்தை மாற்றும் சாதாரண டிசி கண்ட்ரோலரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. யூனிட்டுக்கும் மோட்டாருக்கும் அதே தண்டவாளக் கரண்ட்தான், ஆக எஞ்சின் வேகமாக ஓடினால்தான் நல்ல புகை. நிஜ எஞ்சின் பாரம் இழுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் வானத்துக்குக் கக்கும், நம்முடையதோ கிளம்பும்போது சாதுவாக இருந்துவிட்டு ஓட்டத்தில் புகையும். இதற்குப் பெரிய மருந்து கிடையாது. குறைந்த வோல்டேஜ் யூனிட் போட்டுப் பார்க்கலாம், ஆனால் முழு வேகத்தில் அது கருகும்.

டிஜிட்டலில், அதாவது தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் கட்டளை அனுப்பும் டிசிசி முறையில், தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருப்பதால் நின்றுகொண்டே புகையலாம். எஞ்சினுக்குள் அந்தக் கட்டளையை வாங்கும் சின்ன சர்க்யூட்தான் டிகோடர். அதில் விளக்கு மாதிரி கூடுதல் சாமான்களுக்கென்று இருக்கும் ஒரு ஃபங்ஷன் அவுட்புட்டில் யூனிட்டை இணைக்க வேண்டும். வழக்கமான நிற முறையில் நீல வயர்தான் பொதுவான பாசிட்டிவ். பச்சை அல்லது ஊதா வயரை யூனிட்டின் ஒரு முனைக்கும் நீலத்தை மறுமுனைக்கும் கொடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பல யூனிட்களின் உலோகக் கூடே ஒரு முனையாக இருக்கும், அது எஞ்சினின் அடிச்சட்டத்தைத் தொட்டு, அடிச்சட்டம் தண்டவாளத்தைத் தொடும். அப்படி இணைந்தால் தண்டவாளத்தின் மாறுகிற கரண்டில் பாதி நேரம்தான் யூனிட்டுக்குக் கிடைக்கும், சூடும் பாதியாகிவிடும், புகை நோஞ்சானாக வரும். கூட்டைச் சட்டத்திலிருந்து பிரித்துவிட்டு இரண்டு வயர் போடுங்கள். இரண்டு வயர் உள்ள யூனிட்டாகவே வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. அந்த அவுட்புட் எத்தனை மில்லியாம்ப் தாங்கும் என்று டிகோடர் தாளில் பார்த்து, யூனிட் இழுப்பது அதற்குள் அடங்கினால் மட்டும் நேராக இணையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு சின்ன ரிலே.

பெரிய அளவு எஞ்சின்களில் ஃபேன் வைத்த யூனிட் வரும். அதில் கண்ணாடி இழைப் பஞ்சோ கயிற்றுத் திரியோ எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும், அதன் மேல் சூட்டுக்கம்பி, பக்கத்தில் குட்டி ஃபேன். புகையின் அளவு, தாளம் எல்லாம் இதில்தான் அசத்தும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீராவி வாங்கி விடுவதால், சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு முறை 'குப்' என்று புகை வரும். மூன்று சிலிண்டர் என்றால் ஆறு. டிகோடரில் இந்த எண்ணிக்கையைச் சரியாக வைக்காவிட்டால் சக்கரம் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம் என்று போகும், பார்க்கச் சகிக்காது. மெதுவாக ஓட்டும்போது இதை மெனக்கெட்டுச் சரிசெய்யுங்கள், வேகத்துக்கு மெனக்கெட வேண்டாம். நிஜத்தில் 1.5 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 10 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு இரண்டு சொச்சம் 'குப்', 60 கிலோமீட்டரில் போனால் நொடிக்குப் பதினான்கு. பதினான்கைக் கண் பிரித்துப் பார்க்காது, எல்லாம் ஒரே கோடாகத்தான் தெரியும்.

ஃபேன் யூனிட்டில் புகை குறைந்துகொண்டே வந்தால் திரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூடியைக் கழற்றிப் பாருங்கள்: நல்ல திரி மென்மையாக, எண்ணெயில் ஊறி வெளுத்திருக்கும். கெட்டது கம்பியைச் சுற்றிக் கருப்பாக, தொட்டால் மொறுமொறுவென்று உடையும். கருகிய பகுதியை எடுத்துவிட்டுப் புதுத் திரி வையுங்கள், திணிக்காமல், ஃபேனின் காற்று போகும் ஓட்டையை மூடாமல். மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். சூட்டுக்கம்பி நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியம் கலவையால் ஆனது; அதன் ஓம் மதிப்பு சூட்டினால் பெரிதாக மாறாது, ஆகவே ஆறிய நிலையில் அளந்ததையே நம்பலாம். மேலே சொன்ன 16 வோல்ட், 120 மில்லியாம்ப் யூனிட் சுமார் 130 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது, யூனிட்டை மாற்றுவதுதான் வழி.

பழைய எஞ்சின் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பொம்மை ரயில் நிறுவனமான லயோனல் 1946-ல் புகை எஞ்சின் விட்டபோது எண்ணெயே இல்லை. உச்சியில் சின்னக் குழி வைத்த பல்பு, அந்தக் குழியில் அம்மோனியம் நைட்ரேட் மாத்திரை. அடுத்த ஆண்டே நிக்ரோம் கம்பிக்கு மாறிவிட்டார்கள். பழைய டப்பாவில் அந்த மாத்திரைகள் கிடைத்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், எஞ்சினில் போடாதீர்கள்.

ஓட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் புகையை அணைத்துவிட்டே ஓட்டுங்கள். எண்ணெய் பாட்டில் குழந்தைகளுக்கு எட்டவே கூடாது. இதை நான் சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. இந்த மாதிரி மெல்லிய பாரஃபின் எண்ணெயைக் குழந்தை ஒரு மடக்கு குடித்தாலும் அது நுரையீரலுக்குள் இறங்கிப் பெரிய ஆபத்தாகும்; வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அப்புறம், மேலே போன புகை எல்லாம் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? தண்டவாளத்துக்குத்தான் திரும்பி வருகிறது. ஒரு மாலை முழுக்கப் புகையவிட்டால் மறுநாள் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும், விளக்கு மினுக்கும். பஞ்சில்லாத துணியில் ஐசோபுரொப்பில் ஆல்கஹால் நனைத்துத் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்துவிடுங்கள், ஆனால் அந்தத் துணி எஞ்சினின் பெயின்ட் மேல் பட வேண்டாம், யூனிட் முழுசாக ஆறும் வரை ஆல்கஹால் பாட்டிலைத் திறக்கவும் வேண்டாம். புகை மெலிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவது என் பழக்கம், இன்னும் கொஞ்சம் வரும் என்று காத்திருந்து இரண்டு யூனிட்டைக் கருக்கிய பிறகு வந்த பழக்கம் அது. எஞ்சினைப் பெட்டியில் படுக்க வைக்கும் முன் டிஷ்யூ திரியால் மிச்ச எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது இரவோடு இரவாகக் கசிந்து டிகோடர் மேலே போய் உட்கார்ந்திருக்கும்.