கிளப் டோகோ: தெருவிலிருந்து அரங்குக்குச் சென்ற பாதையைக் கேட்டு அறியும் முறை

இத்தாலிய ஹிப்-ஹாப் தெருவை விட்டுப் பொது ரசனைக்குள் நுழைந்த விதத்தைக் காதால் அறிய விரும்புவோர், மிலான் நகரத்தின் கிளப் டோகோ குழுவை எடுத்துக்கொள்ளலாம். குவே பெக்கேனோ, ஜேக் லா ஃபூரியா ஆகிய இருவர் ராப் பாட, டான் ஜோ இசையமைக்கும் குழு இது. புகழ்பெற்ற பாடல்களிலிருந்து தொடங்காமல் ஆண்டு வரிசையிலேயே கேளுங்கள். இல்லாவிடில் மாற்றம் பிடிபடாது.

முதலில், பெரிய இசை நிறுவனத்தின் துணையின்றி 2003இல் வெளிவந்த 'மி ஃபிஸ்ட்' தொகுப்பை அவசரமின்றி இருமுறை கேளுங்கள். முதல் முறை பொருளைத் தேட வேண்டாம். இத்தாலியச் சொற்களில் பெரும்பாலானவை உயிரொலியில் முடிவதாலும், அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில் விழுவதாலும், வரியிறுதியில் ஈரசை இயைபு எளிதாக அமைந்துவிடும். அந்த எளிமையோடு நின்றுவிடாமல் இவ்விருவரும் வரியின் நடுவிலும் ஒலிகளை எப்படிக் கோக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் முறை பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மிலானின் தெருக்கொச்சை மிகுந்திருப்பதால் இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்தது 2006இன் 'பென்னா கபிதாலே'. மரண தண்டனையைக் குறிக்கும் தொடரில் ஓர் எழுத்தைக் கூட்டிப் பேனாவை நுழைத்த தலைப்பு அது. 2007இல் பெருநிறுவனம் வழியாக வந்த தொகுப்புக்கு 'இழிந்த பணம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். தாங்கள் எங்கே நுழைகிறோம் என்பதை அறிந்தே நுழைந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2009இன் தொகுப்பை ஒருமுறை கேட்டால் போதும்.

திருப்பத்தை உணர 2012இல் வந்த 'பி.இ.எஸ்.' பாடலுக்கு வாருங்கள். கால்பந்து வீடியோ விளையாட்டின் பெயரைத் தாங்கிய அப்பாடலின் பல்லவியை ராப் கலைஞரல்லாத ஜூலியானோ பால்மா பாடுகிறார். பல்லவியையும் ராப் பகுதிகளையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்: கோடைக்கால வானொலிக்குரிய இனிமையைப் பல்லவி சுமக்க, ராப் தன் வேகத்தைப் பெரிதும் இழக்காமல் நகர்கிறது. எனவே இதை வெறும் விலைபோதல் என்று ஒதுக்குவது அநியாயம் என்றே கருதுகிறேன்.

2014இன் தொகுப்புக்கு, 'நாங்கள் இனி மி ஃபிஸ்ட் காலத்தவர் அல்லர்' என்று அவர்களே பெயரிட்டார்கள். அதில் பாடகி அரிசா இணைந்து பாடிய 'ஃப்ராஜிலி'யைக் கேட்டபின், பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2024இல் குழுவின் பெயரிலேயே வந்த தொகுப்புக்குச் செல்லுங்கள். அவ்வாண்டு ஜூனில் அவர்கள் மிலானின் சான் சிரோ கால்பந்து மைதானத்தில் பாடினார்கள். 2024இன் தொகுப்பைக் கேட்டு முடித்த கையோடு 2003இன் முதல் பாடலை மீண்டும் ஒலிக்கவிட்டு, அதே இரு குரல்களின் வேகத்தை ஒப்பிடுங்கள்.