சந்தடி இல்லாத வெளிநாட்டு ஊரில் ஓய்வுக்காலம்: தைப்பிங்கை வைத்து ஒரு செய்முறை

பணி ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் அமைதியான ஊரில் வாழ ஆசைப்படுகிறவர்கள், பெரும்பாலும் சுற்றுலாப் போன இடத்திலேயே வீடு தேடத் தொடங்குகிறார்கள். நானும் என் மனைவியும் மலேசியாவின் பினாங்கில் அப்படித்தான் தொடங்கினோம். அதன் தலைநகர் ஜார்ஜ் டவுன் அழகான நகரம். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் எங்கள் அறைக்குக் கீழே இரவு பதினொன்று வரை பயணப்பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம். பிறகு தேடும் முறையை மாற்றினோம், தைப்பிங் கிடைத்தது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பிரபலமான ஊரிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளித் தேடுங்கள்

உங்களுக்குப் பிடித்த சுற்றுலா நகரத்தை நடுவில் வைத்து, காரில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போகும் தூரத்துக்கு வரைபடத்தில் வட்டம் போடுங்கள். அதற்குள் மருத்துவமனை, ரயில் நிலையம், தினசரிச் சந்தை மூன்றும் உள்ள ஊர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய நகரத்தின் வசதி கைக்கெட்டும், கூட்டம் வந்து சேராது.

தைப்பிங் இப்படித்தான் அகப்பட்டது. பேராக் மாநிலத்தில், பினாங்குக்கும் ஈப்போவுக்கும் இடையில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து மின்சார ரயில் உண்டு. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானமும் இருப்பதால் ஊருக்கு வந்துபோவது சிரமமில்லை. 1937 வரை பேராக்கின் தலைநகராக இருந்து, பிறகு அந்தப் பொறுப்பை ஈப்போவிடம் விட்ட ஊர். மலாயாவின் முதல் ரயில் 1885இல் இங்கிருந்துதான் ஓடியது. பெரிய ஊராக இருந்து அடங்கிய ஊர் என்பதால் அருங்காட்சியகம், ஏரிப் பூங்கா, அகலமான சாலைகள் எல்லாம் இருக்கின்றன.

படி 2: கடைத்தெருவில் என்ன விற்கிறது என்று பாருங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை இதுதான். கடைத்தெருவில் அரை மணி நேரம் நடந்து, கடைகளில் தொங்குவதைக் கவனியுங்கள். காந்தப் பொம்மை, ஊர்ப் பெயர் போட்ட பனியன் என்றால் அந்த ஊர் வருகிறவர்களை நம்பி வாழ்கிறது. பள்ளிக்கூட ஷூ, துடைப்பம், மோட்டார் சைக்கிள் டியூப் தொங்கினால் அங்கே வாழ்கிறவர்களுக்கான ஊர். வாரநாள் காலை ஏழு மணிக்குச் சந்தைக்கும் போங்கள். மீன் பேரம் பேசுகிறவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருந்தால், வீட்டு வாடகையும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் அளவில்தான் இருக்கும்.

படி 3: மோசமான பருவத்தில் ஒரு மாதம் தங்குங்கள்

இதை மட்டும் தவிர்க்கவே வேண்டாம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம். வருகை அட்டையை மட்டும் இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அந்த 30 நாளை நல்ல வானிலையில் செலவழிக்காதீர்கள்.

தைப்பிங் தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெய்யும் ஊர். நாங்கள் வேண்டுமென்றே நவம்பரில் போனோம். முதல் நாள் மாலை ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். வானம் வெளிச்சமாகத்தான் இருந்தது. கடைக்காரத் தமிழம்மா வெளியில் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போட்டார். "மலையப் பாருங்கய்யா, காணோம்ல? இனி பத்து நிமிசந்தான்" என்றார். திரும்பிப் பார்த்தால் ஊருக்குப் பின்னால் நிற்கும் புக்கிட் லாருட் மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. சொன்னபடியே கொட்டித் தீர்த்தது. அந்த மாதம் முழுக்கத் துணி காயவில்லை, என் தோல் செருப்பில் பூஞ்சை பிடித்தது. ஆனால் காலையில் ஏரிக்கரையில் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடுமளவுக்குக் குனிந்து நிற்கும். அதன் அடியில் நடந்த ஒவ்வொரு நாளும் இங்கே இருக்கலாம் என்றே தோன்றியது. மழையும் பூஞ்சையும் ஒத்துவராது என்றால் இந்த ஊர் உங்களுக்கு வேண்டாம்.

படி 4: வீட்டைக் காதால் சோதியுங்கள்

ஊர் அமைதியாக இருந்தாலும் வீடு அப்படி இருக்காது. பிடித்த வீட்டின் முன்னால் விடியலிலும் மதியத்திலும் இரவு பத்துக்கும் நின்று கேளுங்கள். மலேசியச் சிறு நகரங்களில் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: சாப்பிட விற்கும் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்க்கும் கட்டடங்கள். மேல்மாடியில் ஜன்னல் இருக்காது, சிறுசிறு துளைகள் இருக்கும். குருவிகளை அழைக்கப் பதிவு செய்த கீச்சொலி ஒலிபெருக்கியில் ஓடும். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

படி 5: மருத்துவமனைக்கு நீங்களே ஒருமுறை போய் வாருங்கள்

நோயில்லாதபோதே போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எத்தனை வெள்ளி ஆனது (இங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள்), மருத்துவர் பேசும் மொழி உங்களுக்குப் புரிந்ததா என்று எழுதி வையுங்கள். வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணம் தனி. நீங்கள் அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயர்) காட்டி, அவை கிடைக்குமா என்று மருந்துக்கடையில் விசாரியுங்கள்.

படி 6: விசாவும் பணமும்

நீண்டகாலம் தங்க 'மலேசியா மை செகண்ட் ஹோம்' திட்டம் இருக்கிறது. 2024 விதிகளின்படி 'சில்வர்' பிரிவுக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு, ஐந்தாண்டு விசா. உரிமம் பெற்ற முகவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். வெளிநாட்டவர் வீடு வாங்க மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். குறைந்தபட்ச விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் முன்பணம் கொடுக்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்குத் தாக்கலில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

இவ்வளவு முடக்க முடியாதவர்களுக்கு இலங்கையின் 'மை ட்ரீம் ஹோம்' விசா உண்டு. 55 வயது ஆகியிருக்க வேண்டும். 15,000 டாலர் வைப்பு, மாதம் 1,500 டாலர் வரவு. அங்கேயும் எல்ல, காலி போன்ற சுற்றுலா ஊர்களுக்கு நேரே போகாமல் முதல் படியிலிருந்தே தொடங்குங்கள்.

படி 7: ஊர் வீட்டை உடனே விற்காதீர்கள்

முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சாவியை நம்பகமான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழைக் கைப்பேசியில் முகம் காட்டியே கொடுக்கலாம். அதற்கான செயலியை ஊரில் இருக்கும்போதே ஒருமுறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். வங்கியிலிருந்து வரும் கடவுச்சொல் குறுஞ்செய்தி வெளிநாட்டிலும் வர, இந்திய எண்ணில் ரோமிங்கைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே திறந்து வையுங்கள்.